கழுகுக்குக் கீழே இரண்டு சி

எல்கோவில் அன்று பனி இன்னும் தொடங்கவில்லை.
கடையின் வெப்பமூட்டி மட்டும் இருமிக்கொண்டிருந்தது.
மாதலென் ஒரு காப்பி டின்னைக்
கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.
"இருபத்திமூன்று" என்றாள்,
நான் எண்ணத் தொடங்கும் முன்பே.

முப்பத்தோரு வருடம் விடுதியில் அறை துடைத்தவள்.
அக்டோபர்தோறும் ஹார்லன் என்றொருவன்,
ஆழ்துளைக் கிணறு போடுகிறவன்,
பன்னிரண்டாம் எண் அறையில் நான்கு இரவு தங்குவான்.
போகும்போது சாம்பல் கிண்ணத்துக்கு அடியில்
ஒரு வெள்ளி டாலர்.
"முதல் வருடம் எனக்குக் கோபம்.
மற்றவர்கள் இரண்டு வைப்பார்கள்."

காந்தத்தில் ஒட்டவில்லை. நல்லது.
ஒவ்வொன்றாய்த் தராசில் ஏற்றினேன்.
இருபத்தாறே முக்கால் கிராம் இருக்கவேண்டும்;
கைமாறிக் கைமாறிச்
சிலது கால் கிராம் இளைத்திருந்தது.
அந்தக் கால் கிராம் எங்கே போயிருக்கும்?
சூதாட்ட மேசையின் பச்சைத் துணியில்,
ஆட்டுரோமம் கத்தரித்தவனின் சட்டைப்பையில்,
மதுக்கடைக்காரன் விரல் இடுக்கில்.
இந்த மாநிலத்தின் மேல் எங்கோ
மெல்லிசாகப் பூசிக் கிடக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
மறுபடி இருபத்தொன்று. இருபத்திரண்டு.
கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய வருடங்கள்.
"இவற்றுக்கு வெள்ளியின் விலைதான்" என்றேன்.
"இன்றைய விலையா, நேற்றையதா?"
ஆளை எடை போடும் தராசு
என்னிடம் இல்லை.

கடைசி நாணயம்.
வருடம் எண்பத்தொன்பது, போன நூற்றாண்டுக்கும் முந்தையது.
காதுக்கு மேலே கூந்தல் இழை இழையாக.
திருப்பினேன். கழுகின் மார்பில் இறகு தேயவில்லை.
மாலைக்குக் கீழே உருப்பெருக்கியைக் கொண்டுபோனேன்:
இரண்டு சி.
கார்சன் நகரத்து அச்சு.

பொறு, என்றேன் எனக்கே.
எழுத்தைச் சுற்றி ஒட்டவைத்த தடம் இருக்கிறதா?
இல்லை.
ஒரு பிக்கப் வண்டி, நான்கு டயரும் புதிதாக,
என் மேசைமேல் வந்து நின்றது.

பிறகுதான் விளக்கடியில் சாய்த்தேன்.
சக்கரம்போல் சுற்றவேண்டிய ஒளி
சுற்றவில்லை.
ஒரே திசையில் ஓடும் ஆயிரம் கீறல்.
தேய்த்தது வலது கை.

"நேற்று ராத்திரி" என்றாள், நான் கேட்காமலே.
"சமையல் சோடா, ஒரு பழைய பல்துலக்கி.
கறுத்து, ஓரமெல்லாம் நீலம் பூத்துக் கிடந்தது.
அப்படியே கொண்டுவந்தால்
என்னைப் பற்றி என்ன நினைப்பாய்?"

சுத்தம் சோறு போடும்தான்.
என் தொழிலில் மட்டும்
நூறு வருட அழுக்கு போடும் சோறு அதிகம்.

விலையை ஒரு தாளில் எழுதித் தள்ளினேன்.
அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அவள் தாளைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.
"கழுவாமல் இருந்தால்?"

சொன்னேன்.

மாதலென் உள்ளங்கையை விரித்தாள்.
ப்ளீச் தின்று வெளுத்த ரேகைகள்.
"சுத்தம் செய்ததற்கு
என்றைக்கு எனக்கு அதிகம் கொடுத்தார்கள்?"
சிரித்தாள். சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

"அதை மட்டும் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான்.
அடுத்த அக்டோபர் அவன் வரவில்லை.
காகிதத்தில் ஏதோ எழுதியிருந்ததா, தெரியாது.
குப்பைப் பை கையில் இருந்தது.
போட்டுவிட்டேன்."

இருபத்திரண்டை விற்றாள்.
மறுபடி ஒருமுறை வெள்ளி நிலவரம் பார்த்தேன்,
பதினொரு சென்ட் ஏறியிருந்தது. கொடுத்தேன்.
ரசீதில் என் கூட்டலைச் சரிபார்த்தாள்.
இருபத்திமூன்றாவது அவள் கோட்டுப் பைக்குள் போனது.

கிளம்பும்முன் குனிந்து,
கண்ணாடி மேசையில் என் விரல்கள் அப்பியிருந்த இடத்தைச்
சட்டைக் கையால் இரண்டு இழுப்பு துடைத்தாள்.
பழக்கம்.
தெருவில் அப்போதுதான்
முதல் பனி.